கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து வெயில்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். இங்கே நானும் சுகம். முழுச் சுகம் என்று எழுதினால் பாதி பொய்யாகிவிடும், ஆகவே என் வேலையை நானே செய்துகொண்டு, யார் கையையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டு, வாய்க்கும் குறைவில்லாமல் இருக்கிறேன் என்று எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்று சொல்வது எனக்கு இங்கே நன்றாகக் கேட்கிறது. கடிதத்துக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு விஷயம் எழுத வேண்டும். ஒன்று என் புது ரத்தப் பரிசோதனை. அது சரியாக வராவிட்டால் நேரில் வந்து என்னைப் பெட்டி படுக்கையோடு உன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறாய், நான் அதை மறக்கவில்லை. இரண்டாவது உன் கழுத்து. என்ன கழுத்து என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. நான் படித்த கான்வென்டில் பாடத்தின் முடிவை முதலில் திருப்பிப் பார்த்தால் சிஸ்டர் புத்தகத்தையே பிடுங்கி வைத்துக்கொள்வார். நான் எழுதிய வரிசையிலேயே படித்து வா.

நம் பழைய டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சர்க்கரை அடங்கவில்லை, எடையும் ஏறிக்கொண்டே போகிறது என்று, ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார் அல்லவா, அங்கிருந்து தொடங்குகிறேன். ஹார்மோன் என்றால் வயசுப் பெண்களின் சமாசாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அதெல்லாம் என்னை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டதே என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள் சும்மா இருப்பாளா, "போய்த்தான் பாருங்களேன் அண்ணி, ஒருவேளை திரும்பி வந்திருக்கும்" என்றாள். உன் அப்பாவின் தங்கைக்கு நாக்கு எப்போதும் ஒரு சாண் நீளம். அந்த டாக்டர் உன்னைவிடச் சின்னப் பெண். ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவள் போலக் காலணி போட்டுக்கொண்டு, மேசையில் காகிதக் கோப்பையில் ஆறிப்போன தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளா டாக்டர் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் என் முகத்தைப் பார்க்காமல் என் கழுத்தைப் பார்த்தாள். "இந்தக் கறுப்பு எவ்வளவு காலமா இருக்கு?" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். சட்டையும் பாவாடையும்தானே எப்போதும் என் உடுப்பு, அந்தச் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு, சங்கிலி உராய்ந்து சேர்ந்த அழுக்கு, தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். எதை வைத்து என்று கேட்டாள். சொன்னேன், பாத்திரம் துலக்கும் நார் ஒன்றுதான் பாக்கி. அவள் எழுந்து வந்து விரலால் தொட்டுப் பார்த்து, "அம்மா, இது அழுக்கே இல்ல. உடம்புல இன்சுலின் ரொம்ப காலமா அளவுக்கு மீறி ஓடிட்டு இருக்குன்னு தோல் போட்டுக் காட்டற அடையாளம். நீங்க எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, தோல்தான் புண்ணாகும்" என்றாள். அழுக்கு இல்லை என்று கேட்டதில் எனக்கு வந்த நிம்மதியை உன்னிடம் மறைப்பானேன். வியாதி என்பது வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

சர்க்கரை வியாதி என்றால் இன்சுலின் இல்லாமல் போவது என்றுதானே நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். என்னைப் போன்றவர்களுக்கு ஆரம்பத்தில் அது நிறையவே சுரக்குமாம், உடம்புதான் அதன் சொல்லைக் கேட்பதில்லையாம். நான் இதை நம் கண்ணாடிக் கடை பாஷையில் மாற்றிப் புரிந்துகொண்டேன். பட்டறையில் கண்ணாடி ஓரம் தீட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா முன்னால் நின்று ஆர்டர் சொன்னால் உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்காது, இன்னும் உரக்கக் கத்துவார், அப்போதும் கேட்காது, சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிக்கொள்ளும். இன்சுலின் கதையும் அதுதான், கத்திக் கத்திக் கடைசியில் சுரக்கிற இடமே ஓய்ந்துபோகிறது. அந்த இயந்திரச் சத்தம் எது என்று கேட்டேன். அதற்கு அந்தப் பெண் வாயால் பதில் சொல்லாமல் என் இடுப்புக்கு நேராகக் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். பருமன் என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, அதைச் சொல்லியிருக்கலாம். வயிற்றுக் கொழுப்பு மூட்டை போலச் சும்மா கிடப்பதில்லையாம், அதுவும் தன் பங்குக்கு ஹார்மோன்களை ரத்தத்தில் விட்டு, இன்சுலின் சொல்வதைக் கேட்கவிடாமல் செய்கிறதாம். அதோடு என் ரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைவு என்றாள். அதற்கு வைட்டமின் என்பது பெயர்தான், உள்ளே போனால் அதுவும் ஒரு ஹார்மோனாகத்தான் வேலை செய்கிறதாம், பருமனானவர்கள் உடம்பில் கொழுப்பு அதை உள்ளே இழுத்துப் பதுக்கி வைத்துக்கொள்வதால் ரத்தத்தில் குறைந்தே தெரியுமாம். நான் விடவில்லை, பருமனால் டி குறைந்ததா, டி குறைந்ததால் சர்க்கரை வந்ததா, எது முதலில் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "அதைத்தாம்மா பெரிய பெரிய ஆளுங்க இன்னும் பார்த்துட்டு இருக்காங்க. டி ஏறினா சர்க்கரை இறங்கிடும்னு நான் உங்களுக்குச் சத்தியம் பண்ண மாட்டேன். அது எலும்புக்கு வேணும், தசைக்கு வேணும். சர்க்கரைக்கு நீங்க எடையைக் குறைக்கணும், நடக்கணும்" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள் பார், அந்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்தது.

வாரத்துக்கு ஒரு கேப்சூல் எழுத வந்தாள், நான் தடுத்துவிட்டேன். ஏற்கெனவே காலையில் மாத்திரையிலேயே பாதி வயிறு நிறைகிறது, இன்னொன்றா. டி வெயிலிலிருந்து வருவதுதானே, வெயில் சும்மாதானே அடிக்கிறது, எனக்குக் கொஞ்ச காலம் கொடு, உட்கார்ந்து காட்டுகிறேன் என்றேன். அவளுக்கு அரை மனசு. அடுத்த பரிசோதனை வரைக்கும் பார்ப்போம், ஏறவில்லை என்றால் மறுபேச்சு பேசாமல் கேப்சூல் விழுங்க வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் விட்டாள். முற்பகலில் கையிலும் காலிலும் வெயில் நேராகப் பட வேண்டும், தோல் சிவக்கும்படி உட்காரக் கூடாது, இவ்வளவுதான் விதி. வீட்டில் வெயில் எங்கே வரும் என்று உனக்குத் தெரியும். தெருவைப் பார்த்த பால்கனி, எதிரே பஸ் நிறுத்தம், உன் அப்பா கடையை விடுவதற்கு முன் கடைசியாகச் செய்த வேலையாக அதைச் சுற்றிக் கண்ணாடி போட்டு அடைத்தாரே, அந்த இடம்தான். தூசி வரக் கூடாது என்று நான் சொன்னதால் ஒரு கதவுகூட வைக்காமல் தரையிலிருந்து கூரைவரை பொருத்திவிட்டார். பகலில் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் கண்ணாடியில் வானம்தான் தெரியும், உள்ளே இருக்கிற ஆள் தெரியாது, இது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆகையால் எனக்கு வசதியாகப் போயிற்று. நாற்காலியைப் போட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, பாவாடையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் தவறவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கும், வியர்க்கும், நான் அசைய மாட்டேன். உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, "வத்தல் காயப் போட்ட மாதிரி இருக்கீங்க அண்ணி, ஒரு பக்கம் காஞ்சதும் கூப்பிடுங்க, திருப்பிப் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பரிசோதனைக்கு மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு, பரிசு வாங்கப் போகிறவள் போலத்தான் டாக்டரிடம் போனேன். அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். டி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எடை கூடியிருந்தது, வெயிலில் உட்கார்ந்தால் களைப்பாக இருக்கிறது என்று நடுவில் பிஸ்கட் தின்றது அதற்குக் காரணமாக இருக்கலாம். அவள் குரலைத் தாழ்த்தி, "அம்மா, கோவிச்சுக்காதீங்க, நிஜமா உக்காந்தீங்களா?" என்றாள். என்னிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. வாடிக்கையாளர் வீட்டில் இருந்து கொண்டுவரும் அளவைக்கூட நம்பாமல், நம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நானே போய் ஜன்னலை அளந்து வந்துதான் கண்ணாடி வெட்டச் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளிடம் நிஜமா என்கிறாள். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வந்த வேகத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டேன், திரும்பப் போய் எடுக்கவும் மனம் வரவில்லை. அன்றைக்குத்தான் நீ தொலைபேசியில் பேசினாய். நீ சொன்னது இதுதான்: "நீங்க தனியா இருந்து இது சரிப்படாதும்மா. உக்காரச் சொன்னா உக்கார மாட்டீங்க, மாத்திரை சாப்பிடச் சொன்னா சாப்பிட மாட்டீங்க. அடுத்த ரிப்போர்ட்டும் இப்படியே வந்தா நான் டிக்கெட் போட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுவேன், பேச்சே கிடையாது." நீயும் நம்பவில்லை. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். உன் ஊரில் வெயில் என்றைக்காவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி, வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறீர்கள், அங்கே நான் உன் மனைவியின் சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மருமகள் மேல் எனக்குக் குறையில்லை, அதை அவளுக்கும் படித்துக் காட்டு. ஆனால் இது என் வீடு, இதில் எந்தப் படி தேய்ந்திருக்கிறது என்பது என் காலுக்குத் தெரியும். இதை விட்டு வரச் சொல்வது எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுதாமல் விடுகிறேன், உனக்கே தெரியட்டும்.

பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அத்தையைக் கூப்பிட்டு, நான் பால்கனியில் கை கால் தெரிய உட்கார்ந்திருக்கும்போது அவள் கைபேசியில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். என்னை அந்தக் கோலத்தில் படம் எடுப்பது அதுதான் முதலும் கடைசியும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் "நிமிருங்க அண்ணி, சிரிங்க அண்ணி" என்று கல்யாணப் படம் எடுப்பவள் மாதிரி ஆட்டம் காட்டினாள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். என் குடையை அவள் மேசைக்குப் பக்கத்தில் பத்திரமாகச் சாத்தி வைத்திருந்தாள். படத்தை முன்னால் வைத்து, பார்த்துக்கொள், வெயில் என் மேல் விழுகிறதா இல்லையா என்றேன். பார்த்தாள், விரலால் பெரிதாக்கினாள். "விழுது, நல்லாவே விழுது. ஆனா உங்க தலைக்குப் பக்கத்துல காத்துல ஏதோ வெள்ளையா நிக்குதே, அது என்னம்மா?" என்றாள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். புறா எச்சம். வெளிப்பக்கத்தில் விழுந்தது, திறக்க முடியாத கண்ணாடி என்பதால் என் கை எட்டாமல் அங்கேயே காய்ந்து நின்றது. என் வீட்டு எச்சத்தை ஒரு டாக்டர் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்ற கூச்சத்தில், அது கண்ணாடியில் இருக்கிறது, வெளிப்பக்கம், உள்பக்கத்தை நான் தினமும் துடைக்கிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். அவள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டாள். "கண்ணாடிக்குப் பின்னாடியா உக்காந்திருந்தீங்க? இவ்வளவு நாளும்?" என்றாள். ஆமாம் என்றேன். வெளிச்சம் உள்ளே வருமாம், சூடும் வருமாம், தோலில் டி செய்கிற அந்த ஒரு கதிரை மட்டும் ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடுமாம். சாதாரணக் கண்ணாடியா, நிறம் போடாததா, என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். சாதாரணக் கண்ணாடிதானாம். எங்கள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், வெயில் அப்படியே உள்ளே வரும், தூசிதான் வராது என்று நானே என் வாயால் சொல்லி விற்றிருக்கிறேன்.  உன் அத்தைதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள், அடக்கப் பார்த்து முடியாமல் குலுங்கினாள், பிறகு அந்த டாக்டர், பிறகு வேறு வழியில்லாமல் நானும். சிரித்து ஓய்ந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்து, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா, எங்க உக்காந்தீங்கன்னு கேட்டிருக்கணும்" என்றாள். நான் மறுபேச்சு பேசாமல் கேப்சூலை வாங்கிக்கொண்டேன், கொடுத்த வாக்கு வாக்குதானே.

கேப்சூல் சாப்பிட்டால் போதும், கண்ணாடியை எடுக்க வேண்டிய அவசியமில்லை என்று அவள் சொன்னாள். எனக்கு ஒப்பவில்லை. வெயிலில் உட்காருகிறேன் என்று சொன்னவள் நான், இன்னும் உட்காரவே இல்லை. நம் கடையை வாங்கி நடத்துகிறானே வைரம், அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். கண்ணாடி வெட்டும் வைரக் கத்தியைக் காதில் செருகிக்கொண்டே சாப்பிடப் போவான் என்று அந்தப் பெயர் வைத்தது நீதான். இப்போது தலை நரைத்துவிட்டது, காதில் கத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. பால்கனியைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டான். "முதலாளி கையால போட்டதும்மா இது. நான் தொட்டா கனவுல வந்து நிப்பார்" என்றான். வந்தால் என்னிடம் அனுப்பு, அவரிடம் எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றேன். அதன் பிறகுதான் உளியை எடுத்தான். நடுக் கண்ணாடியைச் சட்டத்திலிருந்து நெம்பி எடுத்தபோது அடியில் ஒரு தீப்பெட்டி அட்டை மடித்துச் செருகியிருந்தது. கண்ணாடி ஒரு நூலளவு குட்டையாக வெட்டுப்பட்டிருக்கிறது, அது ஆடாமல் இருக்க அட்டையைச் சொருகி மேலே ரப்பர்ப் பட்டையை ஒட்டி மறைத்துவிட்டார். நான் பார்த்திருந்தால் கழற்றி வேறு வெட்டச் சொல்லியிருப்பேன், அவருக்கு அது தெரியாதா என்ன. வைரம் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அந்த அட்டையை எடுத்துக் குப்பையில் போடவில்லை, அவ்வளவுதான் எழுதுவேன். இப்போது அந்த இடத்தில் பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கிற கண்ணாடி இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போகிறது, புறா எச்சத்தையும் துடைத்தாயிற்று.

திறந்த முதல் நாள் எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. தெருச் சத்தம் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிட்டது, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் நிமிர்ந்தால் நேராக என் முழங்கைதான். சுருட்டிய சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டேன், மறுபடி ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். அப்போது எதிர்ச்சாரி சலவைக்கடைக்காரி, தேய்ப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து, "அட, ஆள் இருக்கீங்களா! இத்தனை வருஷமா அந்த வீடு பூட்டிக் கிடக்குன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். நான் அங்கேயேதான் இருந்தேன் மகனே. அவள் கடை திறப்பதை, மூடுவதை, புருஷனோடு சண்டை போடுவதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியில் வானம். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை, ஜன்னலிலிருந்து தெருவுக்குக் கத்துவதும் கௌரவமான பெண்கள் செய்கிற காரியமில்லை என்று சிஸ்டர்கள் சொல்லி வளர்த்த உடம்பு இது. வேறு வழி இல்லை, சட்டையைச் சரிசெய்துகொண்டு, படியிறங்கி, தெருவைக் கடந்து போய், நான் நன்றாக இருக்கிறேன், விசாரித்ததற்கு நன்றி என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "இதைச் சொல்லவா இறங்கி வந்தீங்க?" என்றாள். மறுநாளும் ஏதோ கேட்டாள், மறுநாளும் இறங்கினேன். அவளுக்கும் சர்க்கரை இருக்கிறது, கடை திறக்குமுன் பூங்காவைச் சுற்றி நடப்பவள், என்னையும் இழுத்துக்கொண்டாள். வேகமாக நடந்தால் பேசுவாள், நான் மெதுவானால் "என்ன, வண்டி நின்னுடுச்சா?" என்பாள். நடையை நிறுத்தி மூச்சு வாங்குவதற்காகவே அவளிடம் நான் நீளமான கேள்விகள் கேட்கப் பழகியிருக்கிறேன்.

இப்போது ரிப்போர்ட். டி சரியான அளவுக்கு வந்துவிட்டது. எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, உன் அத்தைக்குக் கண்ணுக்குத் தெரியவில்லையாம், என் பாவாடை நாடாவுக்குத் தெரிகிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எட்டரைக்கு மேல் இருந்தது ஏழு சொச்சத்துக்கு வந்திருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும், ஆனால் மாத்திரை எதையும் கூட்டவில்லை. டி ஏறியதால்தான் சர்க்கரை இறங்கியதா என்று கேட்டேன். "இதுல டி-க்கு என்ன பங்குன்னு எனக்குத் தெரியாதும்மா, உங்க மாடிப்படிக்கு நிச்சயமா பெரிய பங்கு இருக்கு. ஆனா மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க" என்றாள் டாக்டர். ஆகவே உன் ரிப்போர்ட் கணக்குப்படியே நான் தேறிவிட்டேன், நீ எனக்காக டிக்கெட் போட வேண்டியதில்லை.

இனி உன் கழுத்து. போன மாதம் மருமகள் சில படங்கள் அனுப்பினாள். குழந்தையின் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு நீ குனிந்திருக்கிறாய், அவள் பின்னாலிருந்து எடுத்திருக்கிறாள். குழந்தையைப் பார்க்கத்தான் பூதக் கண்ணாடியை எடுத்தேன். உன் காலருக்கு மேலே, முடி முடிகிற இடத்துக்குக் கீழே, கழுத்து மடிப்பில் அதே கறுப்பு. வெயிலில் கறுத்தது என்று சொல்லாதே, உன் ஊரில் ஏது வெயில். சட்டை முதுகில் இழுத்துப் பிடித்திருப்பதையும் பார்த்தேன். மருமகளை அழைத்து வேறு ஏதோ கேட்பது போலக் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கு மறைக்கத் தெரியாது. "அவர் கழுத்துல அழுக்கு போகலன்னு என்னென்னமோ வாங்கித் தேய்க்கறார் அத்தை. காலர் உசரமா இருக்கிற சட்டையா தேடித் தேடி வாங்கறார். ரத்தம் குடுத்துப் பாருங்கன்னா, எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கேங்கறார்" என்றாள். அவளைத் திட்டாதே, கேட்டது நான். உன் அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன் என்று, நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்ட அன்று காலைவரை. எதையும் இரண்டு தரம் அளக்கிற மனுஷன், தன் ரத்தத்தை ஒரு தரம்கூட அளந்து பார்க்கவில்லை. உன் வயசுக்கு அவர் போன வயசு எவ்வளவு தூரம் என்று நான் எழுதப் போவதில்லை, உனக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியும். என் கழுத்தில் இருப்பது போலவே உன் கழுத்திலும் இருப்பதால் இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை, அந்தக் காலணிப் பெண்ணிடம் படத்தைக் காட்டினேன், படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள், இப்போது பிடித்தால் பல விஷயத்தைத் திருப்பலாம் என்றாள். திருப்பலாம் என்ற சொல்லை அவள் லேசில் சொல்கிறவள் இல்லை.

ஆகவே நான் ஒரு ஏற்பாடு சொல்கிறேன், நியாயமாக இருக்கிறதா பார். வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடு. சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, டி, கொழுப்பு, இத்தனையும் பார்க்கச் சொல். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பி வா. உன்னுடையதையும் என்னுடையதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உன் அத்தையை நடுவராகப் போட்டு, இரண்டு பேரும் பார்ப்போம். யாருடையது மோசமோ அவர் மற்றவர் வீட்டில் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டும், சொன்னதைக் கேட்கட்டும். என்னுடையது மோசம் என்றால் நான் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டுகிறேன். உன்னுடையது மோசம் என்றால் பால்கனியில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். சலவைக்கடைக்காரியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டாவது வண்டியையும் இழுக்கத் தயார் என்கிறாள்.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம், அவள் உண்மை பேசுகிற வாய் அப்படியே இருக்கட்டும். குழந்தைக்கு என் முத்தங்கள், சைக்கிள் ஓட்டும்போது கையை விட வேண்டாம் என்று சொல். உனக்கு ஆண்டவன் நல்ல தேக சுகத்தையும், அம்மா சொல்வதைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற பொறுமையையும் கொடுக்கட்டும். பதில் எழுதும்போது தேதி போட மறக்காதே, போன கடிதத்தில் போடவில்லை. கழுத்தைத் தேய்க்காதே. அது அழுக்கு இல்லை.

ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்
உன் அம்மா